ஊசி முனையில் ஒரு கொசு

கொசுவைக் கண்டால் நம் கை தானாக ஓங்கிவிடும். அதே கொசுவைக் கால் ஒடியாமல் பிடித்து, ஊசியில் ஏற்றி, பெட்டியில் வைத்துக் காப்பாற்றுகிறவர்களும் நம் புதுச்சேரியில் இருக்கிறார்கள், சகோதரிகளே! இந்திரா நகரில், ஜிப்மர் பக்கமாக இருக்கும் கொசு ஆராய்ச்சி நிலையத்தைத்தான் சொல்கிறேன். 1975-ல் ஆரம்பித்தது. வி.சி.ஆர்.சி. என்று பெயர். பூச்சியியல் நிபுணர் டாக்டர் பி.கே. ராஜகோபாலன் இயக்குநராக இருந்து வளர்த்த நிலையம்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் பூச்சியியல் படிக்கிறாள். அவள் தயவில் அங்கே உள்ள கொசு மியூசியத்தைப் பற்றித் தெரிந்துகொண்டேன். கொசுவுக்கு நூல் மாதிரி உடம்பு. பெரிய ஊசியால் நேரே குத்தினால் நொறுங்கிவிடும். அதனால் முக்கோணமாக வெட்டிய துளிக் காகிதத்தின் நுனியில் பொட்டுப் பசை வைத்து அதில் கொசுவை ஒட்டுவார்களாம். ஊசி அந்தக் காகிதத்தில்தான் ஏறும். கீழே கடுகு எழுத்தில் ஒரு சீட்டு: எந்த ஊர், என்ன தேதி, யார் பிடித்தது. ஈரக்காற்றும் எறும்பும் இதற்குப் பரம எதிரி. நாம் பீரோவில் போடும் அந்துருண்டைதான் இந்த மாதிரிப் பெட்டிகளுக்கும் காவல்.

"செத்த கொசுவை வச்சிக்கிட்டு என்னம்மா பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"சீட்டு தொலைஞ்சா அந்தக் கொசு உதவாது அத்தை. எந்த ஊர்க் கொசுன்னு தெரிஞ்சாத்தானே எந்த வியாதின்னு பேச முடியும்" என்றாள்.

பிறகு அவள் சொன்ன தீவுக் கதையை நான் மறக்கவே மாட்டேன். ஏனென்றால் என் மாமியாருக்கு யானைக்கால். நான் கல்யாணமாகி வந்த புதிதில், ராத்திரி பத்து மணிக்கு மேல் கதவைத் தட்டி ரத்தம் எடுக்க வருவார்கள். தூங்கும் குழந்தைகள் வீரிட்டு அழும். நம் ஊரில் யானைக்காலைப் பரப்புவது சாக்கடைத் தண்ணீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு. அது ராத்திரியில் கடிக்கும். நோயின் நுண்புழுக்களும் பகலெல்லாம் உடம்புக்குள் ஒளிந்திருந்துவிட்டு, கொசு வரும் நேரம் பார்த்து ராத்திரியில் மேல் ரத்தத்துக்கு வரும். பகலில் எடுத்தால் பெரும்பாலும் தெரியாது.

நிக்கோபாரில் நான்கௌரி என்று ஒரு தீவுக் கூட்டம். கமோர்ட்டா, கச்சால் எல்லாம் அதில் சேர்ந்ததுதான். அங்கேயும் அதே யானைக்கால் புழு, ஆனால் பகலிலும் ரத்தத்தில் நடமாடுகிறது! காரணம், அங்கே பரப்புகிற கொசு வேறு. காட்டு மரப்பொந்தில் தேங்கும் மழைத் தண்ணீரில் முட்டையிட்டு, பகலில் கடிக்கிற கொசு அது. இந்தியாவிலேயே இந்த விநோதம் அந்தத் தீவுகளில்தான். அங்கே ராத்திரி கொசுவலை கட்டி என்ன பிரயோஜனம்? சாக்கடையில் மருந்து அடித்துத்தான் என்ன பிரயோஜனம்? கொசுவின் ஜாதி தெரியாமல் வைத்தியம் செய்தால் பணமும் போச்சு, கால்களும் போச்சு.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கொசுவுக்கு முன்பு ஏடிஸ் நிவியஸ் என்று பெயர். பிறகு விஞ்ஞானிகள் டவுன்சியோமையா நிவியா என்று மாற்றிவிட்டார்கள். (நமக்கு வாயில் நுழையாது, விடுங்கள்.) பெயர் மாறினாலும் ஊசியில் இருக்கிற கொசு அப்படியே இருக்கும். சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். நம் ஊர் நிலையத்தைச் சேர்ந்த ராஜவேல், நடராஜன் இருவரும் அந்தமான் நிக்கோபாரின் அலையாத்திக் காடுகளில் சேறு மிதித்து, மரப்பொந்து, நண்டு வளை எல்லாம் தேடிக் கொசு சேகரித்து, 2006-ல் அந்தப் பட்டியலை வெளியிட்டார்கள். நண்டு வளையில்கூடக் கொசு குடித்தனம் நடத்துகிறது, பாருங்கள்!

நம் ஊருக்கும் இவர்கள் கைம்மாறு செய்யாமல் இல்லை. 1981 முதல் 1985 வரை புதுச்சேரியில் யானைக்காலை ஒழிக்க ஒரு பெரிய திட்டம் நடத்தினார்கள். மருந்தை மட்டும் நம்பாமல், கொசு பெருகும் இடத்தையே குறைப்பது அதில் முக்கியம்.

வீக்கம் வந்த கால் பழையபடி ஆவது கஷ்டம். ஆனால் மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம். மாமியாரின் காலைத் தினம் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கில் ஈரம் போக ஒற்றி எடுத்து, உட்காரும்போது முக்காலிமேல் தூக்கி வைப்பேன். விரல் இடுக்கில் புண் வந்தால்தான் ஜுரமும் வீக்கமும் ஏறும். டாக்டரிடமும் உடனே காட்டிவிடுவோம்.

வீட்டில் இன்னொன்றும் செய்திருக்கிறோம். செப்டிக் டேங்க் காற்றுக் குழாயின் வாய் திறந்தே கிடந்தது. க்யூலெக்ஸுக்கு அதுதான் ராஜபாட்டையாம். நைலான் வலைத் துண்டை மடித்து வாயில் இறுக்கிக் கட்டினோம். வெயிலில் இற்றுவிடுவதால் அவ்வப்போது மாற்ற வேண்டியிருக்கிறது. மூடியின் விரிசலுக்கும் சிமெண்ட் பூசியாயிற்று.