இராவணன் பெயரும் செய்மதியின் பணியும்

புத்தளம் மாவட்டத்துக் கரைத்தீவிலே (கிழக்கிலங்கைக் காரைதீவு வேறு) அந்திப்பொழுதில் வானை நோக்குவோர், சில நாட்களில், மினுக்கமின்றி விரைந்து செல்லும் ஒளிப்புள்ளியொன்றைக் காண்பர். அது சர்வதேச விண்வெளி நிலையம். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில், 90 நிமிடங்களுக்கு ஒருமுறை பூமியை வலம்வருவது. இலங்கைப் பொறியியலாளர் வடிவமைத்த முதற் செய்மதியாகிய 'இராவணா-1', 2019 யூன் 17ஆந் திகதி அங்கிருந்தே விடுவிக்கப்பட்டது.

அச்செய்மதி பற்றி நம்மவரிடை எழுந்த பேச்சுப் பெரும்பாலும் அதன் பெயரைப் பற்றியதாகவே அமைந்தது. பெயரை ஒதுக்கிவைத்துப் பொருளை முதலில் நோக்குவோம். ஒரு கிலோகிராம் அளவு எடை. பத்துச் சென்ரிமீற்றரளவு பக்கங்கள் கொண்ட பெட்டி. ஆதர் சி. கிளார்க் நிறுவகத்தைச் சேர்ந்த இரு பொறியியலாளர் யப்பானின் கியூஷு தொழினுட்ப நிறுவகத்திற் பயின்றபடி அதனை ஆக்கினர். ஐக்கிய அமெரிக்காவின் வலொப்ஸ் தளத்திலிருந்து 2019 ஏப்ரிலில் அது சரக்கு விண்கலத்தில் நிலையத்துக்குச் சென்றது. நிலையத்தின் யப்பானியக் கூடமான 'கிபோ'வின் காற்றடைப்பு அறைவழியே இயந்திரக் கை அதனை வெளியே நீட்ட, சுருள்வில் அதனை வெளியில் தள்ளியது. உழைப்பு இலங்கையருடையது, உந்துகணையும் நிலையமும் பிறருடையவை. உற்பத்திச் சாதனங்களின் உடைமை பற்றிய பழைய வினா விண்வெளியிலும் எழுகின்றது. எனினும் இதனைச் சுரண்டலென்று மட்டும் கூறி அமைதல் எளிமைப்படுத்தலாகும். செய்யும் முறையைக் கற்பிப்பதே அத்திட்டத்தின் நோக்கமாயிருந்தது.

அதிற் பரிசோதிக்கப்பட்டவற்றுள் படமெடுத்தலே செய்தித்தாள்களுக்கு உவந்தது. என் நோக்கில் முதன்மையானது 'லோறா' எனும் வானொலித் தொடர்புமுறை. மிகக் குறைந்த மின்வலுவில், சில எழுத்துகளளவேயான செய்தியை நெடுந்தூரம் அனுப்ப வல்லது அது. கைத்தொலைபேசி அலை எட்டாத கடற்பரப்பில் மிதவையொன்று அலையுயரத்தையோ, படகொன்று தன் இருப்பிடத்தையோ செய்மதிவழி அறிவிக்க இத்தகைய முறை இடந்தரும். கரைத்தீவு போன்ற மீன்பிடிக் கரைகளுக்கு இது உயிரோடு தொடர்புடைய விடயம்.

இனிப் பெயர். ஒரே வடிவமைப்பில் மூன்று செய்மதிகள் அன்று ஒருங்கே விடுவிக்கப்பட்டன. நேபாளம் தன்னதற்கு நாட்டின் பெயரையிட்டது. யப்பானியர் 'உகுய்சு' என்னும் பாடும் பறவையின் பெயரையிட்டனர். நாம் இராவணனை அழைத்தோம். பொருளொன்று, கருத்துநிலை மூன்று. 1946இல் புலவர் குழந்தை இராவணனைத் தமிழ்த் தலைவனாக்கிக் காவியம் பாடினார். அண்மைக்காலச் சிங்களத் தேசியவாதம் அவனைத் தன் முன்னோனாக்கி, முதல் விமானியென்றது. 2020இல் இலங்கை அரசு நாளிதழ் விளம்பரம் கொடுத்து இராவணன் பற்றிய ஆவணங்களைக் கோரியது. இருவகைப் பெருமிதங்களிலும் பெட்டியை ஆக்கியவரின் உழைப்பு மறைந்துபோகின்றது. புராண விமானத்துக்குப் பொறியியலாளர் தேவையில்லையல்லவா!

இராவணா-1, 2021இல் வளிமண்டலத்தில் எரிந்தழிந்தது. அவ்வுயரத்திலிருந்து விடப்படும் சிறு செய்மதிகளின் ஆயுள் அவ்வளவே. மறு ஆண்டு மார்ச்சில் அதே நிலையத்திலிருந்து 'கிற்சுனே' விடுவிக்கப்பட்டது. அச்செய்மதித் திட்டத்திலும் இலங்கையர் பங்கேற்றனர். அதன் பெயர் நரியைக் குறிக்கும் யப்பானியச் சொல். அதற்கு எவரும் உரிமை கோரவில்லை.