வீங்கிய விரலுக்கு ஒரு கெடு

அக்டோபர் 12 உலக மூட்டுவாத நாள். அன்று சில மருத்துவமனைகளில் பதாகை கட்டுவார்கள், காலையில் ஒரு நடைபயணம் இருக்கும், யாராவது ஒரு மருத்துவர் தொலைக்காட்சியில் பேசுவார். நல்லதுதான். ஆனால் முடக்குவாதத்தைப் பொறுத்தவரை விழிப்புணர்வு என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். இப்படி ஒரு நோய் இருக்கிறது என்று நாலு பேருக்குத் தெரிவித்தால் போதாது. விரல் கணு முதன்முதலாக வீங்கிய நாளுக்கும், நோயை அடக்கும் மருந்தைத் தொடங்கும் நாளுக்கும் நடுவே வீணாகும் மாதங்கள் குறைய வேண்டும். அந்த மாதங்களைக் குறைக்காத பிரசாரத்தால் நோயாளிக்கு ஒரு பயனும் இல்லை.

கிராமங்களில் சரவாங்கி என்று சொல்லப்படும் இந்த நோயை வயதானவர்களின் முழங்கால் வலியோடு சேர்த்துப் பார்ப்பதில்தான் தாமதம் தொடங்குகிறது. தேய்மானம் என்பது வேறு. அது பெரும்பாலும் வயதோடு வருவது, நடந்தால் வலிக்கும், உட்கார்ந்தால் தணியும். முடக்குவாதத்தில் உடலின் நோய் எதிர்ப்பாற்றலே தடம்மாறி, மூட்டின் உள்சவ்வைப் பகையாகக் கருதித் தாக்குகிறது. சவ்வு தடித்து வீங்கி, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. நூறு பேரில் ஒருவருக்கு, அல்லது அதைவிடச் சற்றுக் குறைவானவர்களுக்கு இது வருகிறது. ஆண்களைப் போல இரண்டு மூன்று மடங்கு பெண்களுக்கு வருகிறது; முப்பது, நாற்பது வயதில், வீட்டு வேலையும் வெளி வேலையும் தலைமேல் இருக்கும் காலத்தில் வந்துவிடுவதும் உண்டு. பரம்பரைக் கூறு ஓரளவு உண்டு, புகைப்பழக்கம் ஆபத்தைக் கூட்டுகிறது. அடையாளம் காண்பது அவ்வளவு கடினமல்ல. மணிக்கட்டு, கைமுட்டிக் கணுக்கள், விரல்களின் நடுக்கணு, பாதத்தின் முன்பகுதி ஆகிய சிறிய மூட்டுகள், பெரும்பாலும் இரண்டு பக்கமும் வீங்கும். காலையில் எழுந்ததும் கை மடங்காது; அந்த விறைப்பு அரைமணி நேரத்துக்கு மேல், சிலருக்கு ஒரு மணி நேரத்தையும் தாண்டி நீடிக்கும். தலை பின்னவோ டப்பா மூடியைத் திருகவோ முடியாது. பொழுது ஏற ஏற, வேலை செய்யச் செய்யக் கை இளகும். இளகிவிடுவதால்தான் பலரும் இதைப் பெரிதுபடுத்துவதில்லை.

அவசரம் எதற்கு? நோய் தொடங்கிய முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே பலருடைய எக்ஸ்-ரேயில் எலும்பு அரிப்பு தெரிந்துவிடுகிறது. அரித்த எலும்பு திரும்ப வளர்ந்து பழைய வடிவத்துக்கு வருவதில்லை. அதனால்தான் அறிகுறி தோன்றிய ஆறு வாரத்துக்குள் மூட்டுவாத நிபுணர் பார்த்துவிட வேண்டும், மூன்று மாதத்துக்குள் நோயடக்கும் மருந்து தொடங்கிவிட வேண்டும் என்று ஐரோப்பிய மூட்டுவாத மருத்துவர்கள் கெடு விதித்திருக்கிறார்கள். இந்த நோய் மூட்டோடு நிற்பதும் இல்லை. நுரையீரலைத் தொடும்; மாரடைப்பு வரும் வாய்ப்பையும் கூட்டும்.

"எப்படியும் குணமாகாத நோய், சீக்கிரம் போனால் என்ன, மெதுவாகப் போனால் என்ன?" என்பது இதற்கு வரும் முதல் மறுப்பு. குணமாகாது என்பது இன்றைக்கு உண்மை. ஆனால் வலியைத் தணிப்பது வேறு, நோயை அடக்குவது வேறு. வலி மாத்திரை வலியை மட்டும் தணிக்கும். அரிப்பு அதன்பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும். மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் அந்த அரிப்பையே தடுக்கின்றன. தொடக்கத்திலேயே எடுத்துக்கொண்டவர்களில் கணிசமானோர் வீக்கமும் வலியும் அடங்கி, வழக்கமான வேலைகளைச் செய்துகொண்டு வாழ்கிறார்கள். விரல்கள் கோணிய பிறகு அதே மருந்தைத் தொடங்கினால், கோணியது நிமிராது.

அந்த மருந்தின் பெயரைக் கேட்டதும் இன்னொரு பயம் வருகிறது: அது புற்றுநோய் மருந்தாயிற்றே! ஆம், முதலில் ரத்தப் புற்றுநோய்க்காக வந்ததுதான். பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் ஆராய்ச்சியை வழிநடத்திய எல்லாப்பிரகத சுப்பாராவின் குழுவில் உருவான மருந்துக் குடும்பம் அது. முடக்குவாதத்துக்கு அதைத் தர அமெரிக்கா 1988இல் ஒப்புதல் அளித்தது. சில புற்றுநோய்களுக்கு அதைக் கிராம் கணக்கில் ஏற்றுகிறார்கள். மூட்டுக்குத் தருவது வாரத்துக்கு ஒருமுறை, ஏழரை முதல் இருபத்தைந்து மில்லிகிராம் வரை. பக்கவிளைவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ரத்தத்தையும் கல்லீரலையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும், மது கூடாது, கருத்தரிக்கத் திட்டமிடுபவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசி நிறுத்த வேண்டும். கூடவே ஃபோலிக் அமில மாத்திரையும் தருவார்கள். ஆனால் மருந்தின் தீமையை எடைபோடுகிறவர்கள், மருந்தில்லாத நோயின் தீமையையும் தட்டின் மறுபக்கம் வைக்க வேண்டும்.

"எண்ணெய் தேய்த்தால் கேட்கிறதே, பொடி சாப்பிட்டு இரண்டே நாளில் எழுந்தவர்கள் இருக்கிறார்களே" என்பார்கள். எண்ணெயும் ஒத்தடமும் இதம் தருவது உண்மை. மருந்தோடு அவையும் இருக்கட்டும். இரண்டே நாளில் எழுப்பும் பெயரில்லாத பொட்டலம்தான் சந்தேகத்துக்கு உரியது. 1948இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஃபிலிப் ஹென்ச், முடக்குவாதத்தால் படுத்திருந்த ஒரு பெண்ணுக்கு கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார். சில நாளில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்சுக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பிறகுதான் விலை தெரிந்தது: நெடுநாள் எடுத்தவர்களுக்கு முகம் வீங்கியது, எலும்பு மெலிந்தது, சர்க்கரை ஏறியது. இன்றும் ஸ்டீராய்டு பயன்படுகிறது, குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு, மருத்துவர் கண்காணிப்பில். அதையே அளவு சொல்லாமல் கலந்த பொடிகள் பிடிபட்டிருக்கின்றன. ஒன்றும் கலக்காத மருந்து இரண்டு நாளில் அற்புதம் செய்வது அரிது. மெத்தோட்ரெக்சேட்டே வேலை காட்ட ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும்.

இப்படியெல்லாம் எழுதினால் மூட்டு வலிப்பவர் எல்லாம் மருத்துவமனை வாசலில் வந்து நிற்பார்களே என்று மருத்துவர்களே கேட்கலாம். நியாயமான கேள்வி. 2006இல் சிக்குன்குனியா தமிழ்நாட்டை ஆட்டிவைத்தபோது, காய்ச்சல் போன பிறகும் மாதக்கணக்கில் கைகால் பிடித்துக்கொண்டவர்கள் ஏராளம். பார்வைக்கு முடக்குவாதம் போலவே இருந்தது. அதனால்தான் வெறும் வலியைச் சொல்லாமல், சிறிய மூட்டில் வீக்கம், காலை விறைப்பு, ஆறு வாரக் கெடு என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தானாகவே ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு முடிவுக்கு வருவதும் உதவாது. அதில் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர், நோயே இல்லாத சிலருக்கும் இருக்கும். நோயாளிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு இருக்காது. காகிதத்தில் நெகடிவ் என்று வந்ததை நம்பி ஒரு வருடத்தைத் தொலைப்பதற்கு, சோதிக்காமலே இருந்திருக்கலாம். வீங்கிய கையைத் தொட்டுப் பார்க்கத் தெரிந்தவரிடம் காட்டுவதே முதல் பரிசோதனை.

செலவும் ஒரு மறுப்புத்தான், ஆனால் அரை மறுப்பு. உயிரியல் மருந்துகள் எனப்படும் ஊசிகள் விலை அதிகம். காசநோய் உறங்கிக்கிடக்கிறதா என்று பார்த்துவிட்டே அவற்றைப் போட வேண்டும். எல்லோருக்கும் அவை தேவைப்படுவதில்லை. முதலில் தரும் மெத்தோட்ரெக்சேட் மலிவானது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கெனத் தனித்துறையே இருக்கிறது.

பதாகையை எங்கே கட்டுவது என்று என்னைக் கேட்டால் மருந்துக்கடை என்பேன். நம் ஊரில் கை வலித்தால் பலரும் முதலில் போய் நிற்பது அங்கேதான். மாதக்கணக்கில் வலி மாத்திரை வாங்குவதும் அங்கேதான். மூன்றாவது முறையாக வருபவரிடம் "காலையில் கை மடங்குதாம்மா, எவ்வளவு நாளா வீக்கம் இருக்கு?" என்று கேட்க மருந்தாளுநருக்கு ஒரு நிமிடம் போதும். இன்னொரு வேலையையும் அவர் செய்யலாம். வாரத்துக்கு ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று தவறாக எடுத்து உயிராபத்தில் மாட்டியவர்கள் உண்டு. மெத்தோட்ரெக்சேட் அட்டையைக் கொடுக்கும்போது, அதன்மேல் எந்தக் கிழமை என்று பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுக்கலாம்.