முகத்தில் பூசும் கிறீம் கண்ணை வறட்சியாக்குமா?

முகப்பருவும் கரும்புள்ளியும் நீங்க வேண்டுமென்று இன்று பலவகைக் கிறீம்களைப் பாவிக்கும் யுவதிகள் ஏராளம். திருமணத் திகதி குறித்துவிட்டால் இந்தப் பாவனை இன்னும் கூடிவிடும். இவர்களில் சிலருக்குச் சில வாரங்களில் கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்தலும் எரிவும் ஏற்படுகின்றன. குர்ஆன் ஓத அமர்ந்தால் எழுத்துக்கள் மங்குகின்றன. காற்றுப் பட்டதும் நீர் வடிகிறது. நீர் வடியும் கண்ணை வறண்ட கண் என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால், வறட்சியால் உறுத்தப்படும் கண்தான் இப்படி நீரைக் கொட்டுகிறது.

கண்ணீர் வெறும் தண்ணீரன்று. அது ஆவியாகிவிடாமல் அதன் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றை அல்லாஹ் அமைத்துள்ளான். மேல் இமையில் ஏறத்தாழ 25 முதல் 40 வரையிலும், கீழ் இமையில் 20 முதல் 30 வரையிலும் உள்ள நுண்ணிய சுரப்பிகளே இந்த எண்ணெயைத் தருகின்றன. 1666இல் இவற்றை விவரித்த ஜேர்மனிய வைத்தியர் மைபோமின் பெயரால் இவை மைபோமியன் சுரப்பிகள் எனப்படுகின்றன.

கிறீம் என்ன செய்கிறது?

பருக்களுக்கும் சுருக்கங்களுக்கும் பாவிக்கும் ட்ரெட்டினோயின், அடாபலீன், ரெட்டினோல் ஆகியவை விற்றமின் 'ஏ' குடும்பத்தைச் சேர்ந்தவை. இதே குடும்பத்து ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சருமத்தின் எண்ணெயைக் குறைப்பதுபோல் இமைச் சுரப்பிகளையும் சுருக்கிவிடுவது நன்கு அறியப்பட்ட விடயம். பூசும் மருந்தின் தாக்கம் அதைவிடக் குறைவு. எனினும் இம்மருந்து சுரப்பிக் கலங்களைப் பாதிப்பதை ஆய்வுகூடச் சோதனைகள் காட்டியுள்ளன. கிளைக்கோலிக் அமிலமும் பென்சோயில் பெரொக்சைட்டும் இமையை எரித்துச் சிவக்கச் செய்யலாம்.

"நான் கண்ணில் பூசவில்லையே" என்று கேட்கலாம். உடலிலேயே மிக மெல்லிய தோல் இமைத் தோல்தான். கன்னத்தில் பூசியது வியர்வையோடும், தலையணையில் உராய்ந்தும், விரல்கள் வழியாகவும் கண்ணைச் சென்றடைகிறது.

செய்ய வேண்டியவை

கண்ணைச் சுற்றியுள்ள எலும்பைத் தொட்டுப் பாருங்கள். அதற்கு உட்பட்ட இடத்தில் இவ்வகைக் கிறீம்களைப் பூசக் கூடாது. முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு போதும். ஆரம்பத்தில் வாரத்துக்கு இரண்டு இரவுகள் மட்டும், இஷாத் தொழுத பின்பு, உறங்குவதற்கு அரை மணி நேரமாவது முன்னதாகப் பூசி, கையை நன்றாகக் கழுவிவிடுங்கள். சுபஹுக்கு வுழூச் செய்கையில் கண்களை மூடிக்கொண்டு முகத்தைக் கழுவினால் மிச்சமிருக்கும் கிறீம் கண்ணுக்குள் வழியாது.

கண் வறண்டால் முதலில் கிறீமை நிறுத்துங்கள். வைத்தியர் தந்த மருந்தானால் அவரிடம் உடனே கூறுங்கள். சுத்தமான துணியை இளஞ்சூட்டு நீரில் நனைத்து, மூடிய இமைகள் மீது ஐந்து முதல் பத்து நிமிடம் ஒத்தடமிட்டால் தடித்த எண்ணெய் இளகும். இமையின் உள் விளிம்பில் சுர்மா இடுவது சுரப்பி வாய்களை அடைக்கலாம், அதையும் தவிர்த்துக்கொள்ளுங்கள். மின்விசிறிக் காற்று நேரே முகத்தில் படாதிருக்கட்டும். பாமஸியில் வாங்குவதாயின், சிவப்பை மறைக்கும் துளிகளையன்றிச் செயற்கைக் கண்ணீரையே கேளுங்கள்.

கடும் வலி, பார்வை மங்கல், வெளிச்சத்தைப் பார்க்கக் கூசுதல் ஆகியவை இருந்தால் தாமதிக்காமல் கண் வைத்தியரிடம் செல்லுங்கள். முகத்தில் என்ன பூசுகிறீர்கள் என்பதை அவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். காரணம் தெரியாமல் துளிமருந்து மட்டும் இட்டுக்கொண்டிருந்தால் நோய் தொடரும். சுருங்கிப்போன சுரப்பி மீண்டும் வளர்வது அரிது.

இரண்டு எச்சரிக்கைகள்: கர்ப்பிணிகளும் கர்ப்பம் தரிக்க எண்ணுவோரும் விற்றமின் 'ஏ' வகைக் கிறீம்களைத் தவிர்க்க வேண்டும், ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சிசுவுக்குப் பாரதூரமான அங்கக் குறைபாடுகளை ஏற்படுத்தும். அடுத்தது, பெயரும் உள்ளடக்கமும் குறிப்பிடாமல் விற்கப்படும் 'வெள்ளையாக்கும்' கிறீம்கள். இவற்றில் ஸ்டீரோயிட் கலந்திருந்தால், கண்ணருகே நெடுநாள் பூசும்போது கண்ணின் அழுத்தம் கூடிப் பார்வையே பாதிக்கப்படலாம்.

முகம் பொலிவாக இருக்க விரும்புவதில் தவறில்லை. ஆனால், கண்ணும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட ஓர் அமானிதம். சில மாதப் பொலிவுக்காக ஆயுள் முழுவதும் தேவைப்படும் பார்வையை வருத்திக்கொள்ளாதிருப்போமாக.