நாட்பட்ட இருமலும் நிமோனியாவும்

விறகும் வறட்டியும் எரியும் அடுப்பின் முன் பல்லாண்டுகள் அமர்ந்த மூதாட்டிக்கும், பீடி புகைத்துவந்த முதியவருக்கும் நாட்பட்ட மூச்சுக்குழல் நோய் காண்பது நம் சிற்றூர்களில் அரிதன்று. "இவருக்கு எப்போதும் இருமல்தான்" என்று வீட்டார் சொல்லிவிடுகின்றனர். அச்சொல்லின் மறைவிலேயே நிமோனியா தொடங்கிவிடுவதுண்டு.

நலமுள்ளவரின் மூச்சுக்குழல்களில் நுண்ணிய மயிரிழைகள் இடையறாது அசைந்து, சளியையும் அதில் ஒட்டிய கிருமிகளையும் தொண்டையை நோக்கித் தள்ளுகின்றன. நெடுங்காலப் புகை இவ்விழைகளைச் சிதைப்பதால் சளி தேங்குகின்றது. அதில் பாக்டீரியாக்கள் குடியேறி, வைரஸ் காய்ச்சல் போன்றவற்றால் உடல் தளரும் வேளையில் காற்றறைகளுக்குள் இறங்குகின்றன.

இவற்றுள் முதன்மையானது நியூமோகாக்கஸ். 1881-இல் பிரான்சில் பாஸ்டரும் அமெரிக்காவில் ஸ்டெர்ன்பெர்க்கும் தனித்தனியே இதனைக் கண்டறிந்தனர். அடுத்தது ஹீமோபிலஸ் இன்புளுயென்சா. பெயரே ஒரு பிழையால் வந்தது. 1892-இல் பைபர் என்னும் ஜெர்மானிய அறிஞர் இதனையே இன்புளுயென்சாவின் காரணம் எனக் கருதினார். 1933-இல் மனிதரிடமிருந்து அந்நோயின் வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. குழந்தைகளுக்கு இடப்படும் ஊசி இதன் 'பி' வகையைத் தடுக்கும். பழுதுற்ற நுரையீரலிலோ பெரும்பாலும் உறையற்ற வகையே காணப்படுகின்றது. அதற்கு அவ்வூசி பயன்படாது. மொராக்செல்லா, கிளெப்சியெல்லா ஆகியனவும் உண்டு. நோய் முற்றியவரிடத்தும், அடிக்கடி ஆன்டிபயாட்டிக் உண்டவரிடத்தும் சூடோமோனாஸ் தலைகாட்டும். வழக்கமான மாத்திரைகளுள் பெரும்பாலானவை அதனை அசைப்பதில்லை. ஆகவே, நோயாளி அண்மையில் உண்ட மருந்துகளைச் சுகாதார ஊழியர் கேட்டு எழுதியனுப்புதல் வெறும் சடங்கன்று.

சுரம், குளிர்நடுக்கம், விலாவலி, சளி நிறமாறுதல் ஆகியவை அறிகுறிகள். முதியோரிடத்தில் சுரமே இன்றி மனக்குழப்பம் மட்டும் தோன்றுதலும் உண்டு. மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுக; 30 அல்லது அதற்கு மேற்பட்டாலும், உதடு நீலம் பூத்தாலும், மருத்துவமனைக்கு அனுப்பத் தாமதிக்கலாகாது. இருமல் 2 வாரங்களுக்கு மேற்பட்டிருப்பின் காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் வேண்டும். பழைய இருமல் என்பதால் அதனைத் தவிர்த்தல் தவறு.

சளி மாதிரியை இயன்றவரை மருந்து தொடங்குமுன், வாயைக் கொப்பளிக்கச் செய்தபின், ஆழ இருமவைத்து வாங்க வேண்டும். எச்சில் மட்டும் வந்திருந்தால் மீண்டும் வாங்குக. ஆனால் கடும் நோயாளிக்கு மாதிரியை எதிர்பார்த்து மருந்தை நிறுத்திவைத்தல் கூடாது.