குலுக்கலில் கிடைத்த வைத்தியம்

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது ஆரம்பித்த பேச்சு இது. லீவுக்கு வந்திருக்கும் அக்கா மகள் எதிரே உட்கார்ந்து நார் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தில் பொது சுகாதாரம் படிக்கிறாள். "சித்தி, நான் இருக்கிற ஊர்ப்பக்கம் வைத்தியத்துக்கே சீட்டுக் குலுக்கினாங்க, தெரியுமா?" என்றாள்.

சீட்டுக் குலுக்கிப் பாத்திரம் கொடுப்பார்கள், புடவை கொடுப்பார்கள். வைத்தியத்துக்குக் குலுக்கலா? கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

அமெரிக்கா என்றால் எல்லாம் கிடைக்கும் என்றுதானே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்? அங்கே கையில் இன்ஷூரன்ஸ் கார்டு இல்லாமல் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவே பயப்படுவார்களாம். ஏழைகளுக்காக 1965-ல் 'மெடிக்கெய்ட்' என்று ஒரு சர்க்கார் இன்ஷூரன்ஸ் கொண்டுவந்தார்கள். ஆனால் ஏழை என்பதற்காக மட்டும் எல்லோருக்கும் அது கிடைத்துவிடவில்லை. ஆரிகனில் 2008-ம் வருஷம் சுமார் 10,000 பேருக்குத்தான் சர்க்காரிடம் பணம் இருந்தது. பெயர் கொடுத்தவர்களோ ஏறக்குறைய 90,000 பேர்! யாருக்குக் கொடுப்பது, யாரை விடுவது? குலுக்கிவிட்டார்கள்.

கேட்கும்போது எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் பாருங்கள், இந்தக் குலுக்கலால் ஒரு நன்மையும் வந்தது. ஏமி ஃபிங்கெல்ஸ்டைன், கேத்தரின் பைக்கர் என்ற இரண்டு பெண் பொருளாதார நிபுணர்கள் (பெண்கள் என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை) இதைப் பிடித்துக்கொண்டார்கள். சாதாரணமாக, இன்ஷூரன்ஸ் உள்ளவர் ஆரோக்கியமாக இருந்தால், அது இன்ஷூரன்ஸாலா, நல்ல சம்பளத்தாலா, படிப்பாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இங்கே ஒரே மாதிரி ஏழைகள். ஒருவருக்குச் சீட்டு விழுந்தது, மற்றவருக்கு விழவில்லை. அதிர்ஷ்டம் ஒன்றுதான் வித்தியாசம். ஆகவே போர்ட்லண்ட் பக்கத்தில் 12,000 பேருக்கு மேல் கூப்பிட்டு, பிரஷர் பார்த்து, ரத்தம் எடுத்து, கேள்வி கேட்டு, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள்.

என்ன தெரிந்தது? கார்டு கிடைத்தவர்கள் டாக்டரிடம் அதிகம் போனார்கள், மருந்து அதிகம் வாங்கினார்கள். சர்க்கரை வியாதி இருப்பது பல பேருக்கு அப்போதுதான் தெரிந்து மாத்திரை ஆரம்பித்தார்கள். ஆனால் இரண்டு வருஷத்தில் பிரஷரோ, கொலஸ்ட்ராலோ, சர்க்கரை அளவோ சொல்லும்படியாகக் குறையவில்லை! "அப்ப எதுக்குடி இத்தனை பணம்?" என்றேன். அங்கேயும் இதையே கேட்டுப் பெரிய சண்டை நடந்ததாம்.

அவள் அடுத்துச் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. கார்டு கிடைக்காதவர்களில் நூற்றுக்கு 30 பேருக்கு மனச்சோர்வு இருந்தது. கிடைத்தவர்களிடம் அது 21 ஆக இறங்கியது. வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வைத்தியமே விழுங்கிவிடுகிற கொடுமை கிட்டத்தட்ட இல்லாமலே போயிற்று. ராத்திரி படுத்தால் தூக்கம் வருவதற்கு இது போதாதா? ஆஸ்பத்திரி பில்லை நினைத்து முழித்துக் கிடந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

இன்னொன்று. 50 வயதைத் தாண்டிய பெண்களில், கார்டு இல்லாதவர்களில் நூற்றுக்கு 29 பேர்தான் அந்த வருஷத்தில் மார்பக எக்ஸ்ரே, அதாவது மேமோகிராம், எடுத்திருந்தார்கள். கார்டு கிடைத்ததும் அது இரண்டு மடங்காகிவிட்டது. காசு இல்லை, அதனால் பலர் தள்ளிப்போட்டிருக்கிறார்கள்.

எல்லாமே நினைத்தபடி நடந்துவிடவில்லை. டாக்டரிடம் ஒழுங்காகப் போனால் அவசர சிகிச்சைப் பிரிவில் கூட்டம் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். மாறாக, கார்டு உள்ளவர்கள் அங்கே போவது 40 சதவீதம் கூடியது. கதவைத் திறந்துவைத்தால் எல்லாக் கதவு வழியாகவும்தான் வருவார்கள்.

2010-ல் ஒபாமா காலத்தில் பெரிய சட்டம் வந்தது. ஏற்கெனவே வியாதி உண்டு என்று சொல்லி இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் யாரையும் தள்ளக்கூடாது, பிள்ளைகள் 26 வயது வரை பெற்றோர் பாலிசியில் இருக்கலாம் என்றெல்லாம் வந்தது அதில்தான். இன்ஷூரன்ஸ் எடுக்காதவர்களுக்கு 2014 முதல் அபராதமும் போட்டார்கள். (2019-லிருந்து அந்த அபராதம் பூஜ்யம்.) இதில்தான் அந்தக் கடிதக் கதை வருகிறது.

2017 ஆரம்பத்தில் வருமான வரி இலாகா, அபராதம் கட்டிய 45 லட்சம் குடும்பங்களுக்குக் கடிதம் போட நினைத்தது. "நீங்கள் அபராதம் கட்டியிருக்கிறீர்கள், இன்ஷூரன்ஸ் எடுக்க வழி இது" என்று. தபால் செலவுக்குப் பணம் போதவில்லை. 39 லட்சம் குடும்பங்களுக்குப் போயிற்று. சுமார் 6 லட்சம் குடும்பங்களைக் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிட்டார்கள். பிறகு கணக்குப் பார்த்தார்கள். 45 முதல் 64 வயது வரை இருந்தவர்களில், கடிதம் போன 1,648 பேருக்கு ஒருவர் வீதம், இரண்டு வருஷத்தில் சாவு குறைந்திருந்தது. மருந்து இல்லை, ஊசி இல்லை. ஒரு கடிதம்! அதைப் பிரித்துப் படித்தவர்களில் சிலர் இன்ஷூரன்ஸ் எடுத்தார்கள், அவ்வளவுதான்.

எனக்கு 46 வயது. அந்தக் கணக்கு கேட்டதும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"நம்ம பக்கமும் செஞ்சு பார்த்திருக்காங்க, சித்தி" என்றாள். 2013 முதல் 2018 வரை கர்நாடகத்தில் 10,000 குடும்பங்களுக்கு மேல் வைத்து நடந்த ஆராய்ச்சி. ஆஸ்பத்திரியில் படுத்தால் வருஷத்துக்கு 30,000 ரூபாய் வரை கொடுத்த, அப்போதிருந்த சர்க்கார் இன்ஷூரன்ஸ். இலவசமாகக் கொடுத்தபோது பெரும்பாலோர் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் தேவைப்பட்ட நேரத்தில் பலர் அதை உபயோகிக்கவே இல்லை. கார்டை எடுத்துப் போக மறந்துவிட்டார்கள், இல்லாவிட்டால் எப்படிக் காட்டுவது, யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. உடம்பில் பெரிய வித்தியாசமும் தெரியவில்லை.

நான் பேசாமல் எழுந்துபோய் பீரோவைத் திறந்தேன். என் கணவர் கம்பெனியில் கொடுத்த இன்ஷூரன்ஸ் கார்டு, கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில் இருந்தது. கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. என் பெயரில் ஓர் எழுத்து தப்பு. அவசரத்துக்கு எடுத்துப் போயிருந்தால் ஆஸ்பத்திரி கவுண்டரில் என்ன பாடு பட்டிருப்போமோ! எந்த ஆஸ்பத்திரியில் செல்லும் என்றும் பார்த்ததில்லை. சாயங்காலம் இவர் வந்ததும், "இதைத் திருத்தி வாங்கிட்டு வாங்க, அப்புறம்தான் காப்பி" என்றேன். சிரித்தார், ஆனால் மறுநாளே எடுத்துப் போனார்.

ஒன்று கவனியுங்கள். நம் ஊர்ப் பாலிசிகள் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்த்தால்தான் பணம் கொடுக்கும். டாக்டர் ஃபீஸ், டெஸ்ட், மாதாந்திர மாத்திரை எல்லாம் நம் கையிலிருந்துதான். ஆரிகன் கார்டில் அதுவும் சேர்ந்திருந்தது. உங்கள் பாலிசியில் எது உண்டு, எது இல்லை என்று ஒருநாள் உட்கார்ந்து படித்துவிடுங்கள். எழுத்து பொடிசாகத்தான் இருக்கும்.

போன வருஷமே மேமோகிராம் எடுத்துக்கொள்ளச் சொல்லி டாக்டரம்மா சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். முதலில் பையன் பரீட்சை, பிறகு தீபாவளி, பிறகு மாமியாருக்குக் கண் ஆபரேஷன். அந்தச் சீட்டும் அதே பீரோவில்தான் இருந்தது. இதைக் கார்டு கொடுக்காது என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். சிறுவாட்டில் சேர்த்ததை எண்ணிப் பார்த்தேன், போதும். வருகிற புதன்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா மகள் கூட வருகிறாள்.