கடலை விட்டு எழும் கரை

கனடாவில் ஹட்சன் விரிகுடாவின் மேற்குக் கரையில் இருக்கிறது சர்ச்சில் என்னும் சிற்றூர். ஆற்று முகத்துவாரத்துக்கு அருகே ஸ்லூப்ஸ் கோவ் என்றொரு சிறு குடா. 18ஆம் நூற்றாண்டில் ஹட்சன்ஸ் பே கம்பெனியின் பாய்மரக் கப்பல்கள் குளிர்காலத்தைக் கழிக்க அங்கேதான் ஒதுங்கின. கப்பலைக் கட்டுவதற்காகப் பாறையில் இரும்பு வளையங்களைப் பதித்தார்கள். பொழுது போகாதவர்கள் பாறையில் தங்கள் பெயர்களையும் செதுக்கினார்கள். கம்பெனி ஊழியர் சாமுவேல் ஹேர்ன், 1767 ஜூலை 1 என்று தேதியும் போட்டுச் செதுக்கிய பெயரை இன்றும் படிக்கலாம். ஆனால் அப்படியொரு கப்பலை இன்று அந்தக் குடாவுக்குள் கொண்டுபோக முடியாது. மிதக்கத் தண்ணீர் போதாது.

கடல் எங்கே போயிற்று? 1896இல் இதைப் பற்றி இரண்டு நிலவியலாளர்கள் மோதிக்கொண்டார்கள். நிலம் உயர்ந்துகொண்டிருக்கிறது என்றார் ராபர்ட் பெல். நிலம் நிலையாகத்தான் நிற்கிறது என்றார் ஜோசப் டைரல். வென்றது பெல்தான். சர்ச்சில் கரை இன்றும் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் உயர்கிறது. ஹேர்ன் உளி பிடித்த நாளிலிருந்து கணக்கிட்டால் இரண்டரை மீட்டர்.

காரணம், இப்போது அங்கே இல்லாத ஒரு பனிப்படலம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கனடாவின் பெரும்பகுதியை மூடியிருந்த அதற்கு லாரன்டைடு என்று பெயர். சில இடங்களில் 3 கிலோமீட்டர் தடிமன். அந்தப் பாரத்தில் பூமியின் மேலோடு பல நூறு மீட்டர் அமுங்கிப்போனது. சரக்கை இறக்கினால் தோணி எழும்புவதுபோல, பனி உருகியதும் நிலம் எழத் தொடங்கியது. ஆனால் தோணி மிதப்பது தண்ணீரில். மேலோட்டைத் தாங்குவதோ பாறை. திடமாகத் தோன்றினாலும், கடும் வெப்பத்தில் மிக மிக மெதுவாக நகரக்கூடிய பாறை. பனிப்பாரம் பக்கவாட்டில் தள்ளிவிட்ட அந்தப் பாறை மீண்டும் அடியில் வந்து சேர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கின்றன. பாரம் இறங்கி 8,000 ஆண்டுகள் ஆகியும் வேலை முடியவில்லை.

பனி விலகியதும் அமைதியாக நடந்துவிடவில்லை. உருகிய நீர் தெற்கே அகாசி என்னும் ஏரியாகத் தேங்கியது. இன்றைய வட அமெரிக்கப் பேரேரிகள் அனைத்தையும் சேர்த்தாலும் அதற்கு ஈடாகாது. ஹட்சன் விரிகுடாவை அடைத்திருந்த பனி அணை சுமார் 8,200 ஆண்டுகளுக்கு முன் உடைந்தபோது, அந்த நன்னீர் வடக்கு அட்லாண்டிக்கில் பாய்ந்தது. கடல் நீரோட்டம் தளர, கிரீன்லாந்தின் வெப்பநிலை சுமார் 3 டிகிரி சரிந்தது. அந்தக் குளிர் ஏறத்தாழ 150 ஆண்டுகள் நீடித்ததை கிரீன்லாந்துப் பனியைத் துளைத்தெடுத்த மாதிரிகள் காட்டுகின்றன. உலகம் சூடாகிக்கொண்டிருந்த காலத்தில், அந்தச் சூட்டினாலேயே வந்த குளிர் அது!

பனி விட்டுப்போன பள்ளத்தில் கடல் ஏறியது. இன்றைய விரிகுடாவைவிட வெகுதூரம் உள்ளே பரவிய அந்தக் கடலுக்கு டைரல் கடல் என்று பெயர் வைத்தார்கள். ஆம், நிலம் உயரவில்லை என்று வாதாடினாரே, அதே டைரல்தான். விரிகுடாவின் கிழக்குப் பக்கத்தில் அதன் பழைய கரைத் தடங்கள் இன்று 250 மீட்டருக்கும் மேலான உயரத்தில் நிற்கின்றன.

நிலம் உயர உயர, கடல் பின்வாங்கியது. ஒவ்வொரு கட்டத்திலும் சரளைக்கல் மேடு ஒன்றை விட்டுச் சென்றது. சர்ச்சில் பக்கம் வானிலிருந்து பார்த்தால் இந்த மேடுகள் வரிவரியாகத் தெரியும். அங்கே கரையிலிருந்து உள்ளே நடப்பது காலத்தில் பின்னோக்கி நடப்பதுதான். முதலில் உப்புச் சதுப்பு, பனி வாத்துகள் மேயும் இடம். பிறகு குட்டை வில்லோப் புதர்கள். அதற்கும் அப்பால் பாசி மட்காமல் படிந்த ஈரநிலம். இது உலகின் மிகப் பெரிய சதுப்புப் பரப்புகளில் ஒன்று. ஈரமில்லாத மேடுகளில்தான் ஆர்க்டிக் நரி வளை தோண்டுகிறது. உள்நாட்டு ஏரிக்கரைகளில் உறைந்த பாசிமண்ணைக் குடைந்து பெண் பனிக்கரடிகள் குகை அமைக்கின்றன. இவை அத்தனையும் ஒரு காலத்தில் கடலடி.

தொல்லியலாளர்களுக்கு இது பெரிய வசதி. வடக்கே இக்ளூலிக் தீவில் 1954இல் ஆய்வு செய்த டென்மார்க்கின் யோர்கன் மெல்கார்ட், கடல் வேட்டைக்காரர்கள் எப்போதும் கரையோரமாகவே குடியிருந்ததைக் கவனித்தார். அதனால் அங்கே உயரம்தான் நாட்காட்டி. ஏறத்தாழ 50 மீட்டர் உயரத்தில் 4,000 ஆண்டுப் பழைய குடியிருப்புகள். கீழே இறங்க இறங்க வயது குறைகிறது.

அந்தப் பனியெல்லாம் உருகிய நீர் நம் கடல்களுக்கும் வந்தது. பனி உச்சத்தில் இருந்தபோது உலகக் கடல்மட்டம் இன்றைவிட சுமார் 120 மீட்டர் தாழ்வு. பாக் நீரிணையின் ஆழமோ பெரும்பாலும் 15 மீட்டருக்கும் குறைவு. அன்று தமிழகத்துக்கும் இலங்கைக்கும் இடையே கால் நனையாமல் நடந்திருக்கலாம்.

சர்ச்சில் துறைமுகத்தின் கடல்மட்ட அளவி 1940 முதல் கடல் இறங்குவதாகவே காட்டிவருகிறது. உண்மையில் கடலும் உயர்கிறது. நிலம் அதைவிட வேகமாக உயர்கிறது. அப்படி ஒரு வரைபடத்தை மட்டும் எடுத்துக்காட்டி, உலகில் கடல்மட்டம் உயரவே இல்லை என்று யாராவது சொன்னால், அது எந்த ஊர் வரைபடம் என்று முதலில் கேளுங்கள்.