மார்பழுத்தம்: பெரியவர்க்கும் பிறந்த குழவிக்கும்

டோல்கேட் மெட்ரோ நிலையத்தின் வாயிலில் ஒருவர் திடீரெனச் சாய்ந்து விழுகிறார் எனக் கொள்வோம். கூடியோர் முகத்தில் தண்ணீர் தெளிப்பர். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பாரும் உளர். 108 ஊர்தியோ, துறைமுகம் நோக்கிச் செல்லும் கண்டெய்னர் லாரிகளைக் கடந்து வரவேண்டும். குருதியோட்டம் நின்றால் நான்கைந்து நிமிடங்களில் மூளை கேடுறத் தொடங்கும். ஆகவே ஊர்தியை அழைத்துவிட்டு நாம் வாளா இருத்தல் தகாது.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில், மின்பொறியாளர் கௌவன்ஹோவனும் அவர்தம் தோழர்களும், மார்பைத் திறவாமலே இதயத்தை இயக்கும் முறையை 1960இல் வெளியிட்டனர். மார்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் இடையே இதயம் அழுந்தக் குருதி வெளியேறும். கையைத் தளர்த்த அது மீண்டும் நிரம்பும். தளர்த்துவதும் அழுத்துவதைப் போலவே இன்றியமையாதது. பலர் மறப்பது இதனைத்தான்.

அழைத்தும் அசையாமல், மூச்சின்றியோ விட்டுவிட்டுத் திணறியோ கிடப்பவரைக் கெட்டியான தரையில் மல்லாக்கக் கிடத்துக. மார்பின் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மறுகையைக் கோத்து, முழங்கை மடங்காமல் 5 செ.மீ. ஆழத்திற்குக் குறையாமலும் 6 செ.மீ.க்கு மிகாமலும் அழுத்துக. நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை. பயிற்சியுடையோர் 30 அழுத்தத்திற்கு 2 மூச்சு ஊதுவர். பயிற்சியில்லாதோர் அழுத்தினாலே போதும். திரைப்படத்தில் காண்பதுபோல் முட்டியால் குத்துவது பயனற்றது.

பிறந்த குழவியின் நிலை வேறு. பெரியவர்க்குப் பெரும்பாலும் இதயமே முதலில் நிற்கிறது. குருதியில் உயிர்வளி சிறிதுநேரம் எஞ்சியிருக்கும். குழவிக்கோ மூச்சே முதலில் தடைப்படுகிறது. அதனாலேயே இதயம் தளர்கிறது. இராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையை எட்டுமுன் ஆட்டோவிலேயே பிள்ளை பிறந்துவிட்டால், தலைகீழாகத் தூக்கி அடித்தல் கூடாது. துடைத்து, வெதுவெதுப்பாகப் பொதிந்து, முதுகைத் தேய்த்துவிடுக. அழவில்லையெனில் வாயையும் மூக்கையும் சேர்த்து நம் வாயால் மூடி, கன்னத்துக் காற்றளவே ஊதுக. பெரும்பாலான குழவிகள் இவ்வளவிலேயே மீளும். அரை நிமிடம் மூச்சு நன்கு சென்றபின்னும் இதயத்துடிப்பு 60க்குக் குறைந்திருந்தால் மட்டுமே மருத்துவர் இரு கட்டைவிரல்களால், மார்பின் தடிமனில் மூன்றிலொரு பங்கு ஆழம் அழுத்துவர். 3 அழுத்தத்திற்கு 1 மூச்சு.

காசிமேட்டுக் கடலில் மூழ்கி மீட்கப்பட்டவர் வயதால் பெரியவராயினும், முறையால் குழவியின் பக்கமே சேர்வார். அவர்க்கும் தடைப்பட்டது மூச்சே. வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்ற முயன்று காலத்தைப் போக்காமல், முதலில் மூச்சை ஊதி, அதன்பின்னரே மார்பில் கை வைத்தல் வேண்டும்.